திரையில் ஒரு துவாரம்

நாடகக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேஷம் கட்டி முடித்தவுடன் படுதாவில் இருக்கும் ஒரு சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்துக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். அந்தத் துவாரத்தை யாரும் அளவெடுத்துப் போட்டதில்லை. என்றோ ஒரு பபூன் பீடியால் சுட்டு வைத்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எப்படி வந்திருந்தால் என்ன? அதன் வழியாகப் பார்க்கிறவருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். இன்று எப்படி நடிக்க வேண்டும் என்பது ஒன்று. அடுத்த வருஷம் இந்த ஊரில் எவ்வளவு கேட்கலாம் என்பது இன்னொன்று.

எனக்கு இதைச் சொன்னவர், திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் ஒரு கிராமத்தில் வசிக்கும் அக்கா ஒருவர். நாற்பது வருஷம் ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட் ஆடியவர். நான் பையனாக இருந்த காலத்தில் அவர் வள்ளியாக வந்து தினைப்புனத்தில் ஆலோலம் பாடினால், திடலில் தூங்கிக் கொண்டிருக்கும் குழந்தைகளைத் தட்டி எழுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். இப்போது முழங்கால் வலி. திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்.

சென்ற தை மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேரன் கைப்பேசியோடு ஓடி வந்தான். "அப்பத்தா, உன் வள்ளியை ரெண்டு லட்சம் பேர் பாத்துருக்காங்க!" என்றான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் திருவிழாவில் யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். அதை வேறு யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு தம்மைத் தாமே சிறிது நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்த ரெண்டு லட்சம் பேரும் காசு குடுத்தா பாக்குறாங்க?"

"இல்லக்கா. நடுநடுவே விளம்பரம் வருது பாருங்க, அந்த விளம்பரக்காரங்க குடுப்பாங்க."

"யாருக்கு?"

"படத்தை ஏத்துனவங்களுக்கு."

அக்கா பூச்சரத்தை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார். "அன்னைக்கு எனக்கு ஆயிரத்தைந்நூறு ரூவா குடுத்தாங்க. ஒரு ராத்திரிக்கு. அந்த ராத்திரி இன்னும் விடியலையா தம்பி?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடிப் போனால், அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரமாக விரிகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். 1867-ல் பிறந்து 1922-ல் மறைந்த சுவாமிகளை நாடகத் தமிழுலகம் தன் தலைமை ஆசிரியராகவே வைத்துப் போற்றுகிறது. 1918-ல் அவர் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர் பெற்ற சிறுவர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம். மாதம் பிறந்தால் சம்பளம். கொட்டகை நிரம்பி வழிந்தாலும் அதே சம்பளம்தான். மழை பெய்து வசூல் போய்விட்டால் அந்தச் சம்பளமும் சந்தேகம். லாபம் முதலாளிக்கும் நஷ்டம் எல்லாருக்குமாக இருந்த ஏற்பாடு அது.

அதற்கு மறுபக்கத்தில் வளர்ந்ததுதான் ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் மூன்றாவது ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வேறெங்கிருந்தோ வந்து சேருவார்கள். இரவு பத்து மணிக்கு மேடையில் சந்தித்து, விடியற்காலையில் வள்ளிக்குத் திருமணம் முடித்துவிட்டுப் பிரிந்து போவார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் கதையுமே. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, மணப்பாறை, திண்டுக்கல் என்று ஊர் ஊராக நாடக நடிகர் சங்கங்கள் உண்டாயின. கோயில் கமிட்டிக்காரர்கள் பங்குனி, சித்திரை மாதங்களில் வந்து தேதி கேட்பார்கள். பேச்சு முடிந்து முன்பணம் கைமாறும். நடிகர்களின் போட்டோவோடு நோட்டீஸ் அச்சாகும். அந்த நோட்டீஸில் யார் படம் எந்த இடத்தில், எந்த அளவில் என்பதில் அவரவர் கூலியும் ஒருவாறு அடங்கியிருக்கும்.

கூலி ஒரு ராத்திரிக்குத்தான். ஆனால் அந்த ராத்திரியில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. கூட்டம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. பாட்டு பிடித்தால் ஒருவர் மேடையேறி ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார். கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி நன்றி கூறுவார்கள். "போன வருஷம் உங்க ஊர்ல திடல் கொள்ளலை, ஐயா" என்று கமிட்டித் தலைவரிடம் நடிகை சொன்னால் அவரால் மறுக்க முடியாது. அவரும் அங்கேதான் இருந்தார். துவாரத்தின் பயன் அதுதான்.

பிறகு யந்திரங்கள் வந்தன. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாட்டைப் பதிவு செய்த நாளிலிருந்து, பாடுகிறவரை விட்டுப் பாட்டு தனியே பிரயாணம் செய்யத் தொடங்கியது. தமிழ் நாட்டில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் மேடையில் கட்டியாண்ட ஜனங்களை இசைத் தட்டும் கட்டியாண்டது. நாடகம் போக முடியாத ஊருக்குத் தட்டு போயிற்று. ஆயினும் தட்டு என்பது ஒரு பண்டம். கடையில் எத்தனை விற்றது என்று கணக்கு இருக்கும். எண்ணத் தெரிந்தவன் எண்ணிப் பார்க்கலாம்.

1931-ல் 'காளிதாஸ்' வந்தது. தமிழ் பேசும் படம் பிறந்தது. 1933-ல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் காலமானார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையோடு ஒதுங்கியிருந்தார். 'நந்தனார்' படத்தில் நடிக்க வேண்டுமென்று அஸன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்து நின்றார். ஆளை அனுப்பிவிடலாம் என்று எண்ணி அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் சரி என்று சொல்லிவிட்டதாகவும் சொல்வார்கள். 1935-ல் படம் வெளிவந்தது. எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஆனால் லட்ச ரூபாய் லட்ச ரூபாய்தான்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஜனங்கள் லட்சத்தைத்தான் வியக்கிறார்கள். எனக்கு வியப்பு வேறு. அந்தத் தொகையைக் கேட்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? ஊர் ஊராக மேடையேறி, எத்தனை ஆயிரம் பேர் தம் குரலுக்காக வருவார்கள் என்று அவர் கண்ணால் கண்டிருந்தார். தம் பாட்டுக்கு எத்தனை தலை என்பது அவருக்கும் தெரியும், கேட்டு வந்தவருக்கும் தெரியும். கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது.

சினிமா வளர வளர அந்தக் கணக்கு நடிகர் கையை விட்டுப் போயிற்று. 1952-ல் 'பராசக்தி'யில் நடித்த சிவாஜி கணேசனுக்கு மாதச் சம்பளம் 250 ரூபாய். மதுரையில் தங்கம் தியேட்டர் அந்தப் படத்தோடுதான் திறக்கப்பட்டது. அங்கே வரிசை நின்ற கூட்டத்தைக் காண எங்கள் திண்டுக்கல் சீமையிலிருந்து வண்டி கட்டிக் கொண்டு போனவர்களைப் பற்றி என் தகப்பனார் சொல்லியிருக்கிறார். அந்த வசூலுக்கும் அந்த 250 ரூபாய்க்கும் நேரடியான சம்பந்தம் எதுவும் இல்லை. அடுத்த படத்தில் கேட்கலாம், கேட்டார்கள், நட்சத்திரங்களின் ஊதியம் உயர்ந்தது. நட்சத்திரம் அல்லாதவர் எதை வைத்துக் கேட்பது?

படத்தில் பணம் போட்டவர்கள் மட்டும் எண்ணுவதை விடவில்லை. திண்டுக்கல், வியாபார பாஷையில் மதுரை-ராமநாடு ஏரியாவைச் சேர்ந்தது. விநியோகஸ்தர் படப்பெட்டியோடு ஓர் ஆளையும் அனுப்புவார். 'ரெப்' என்று அவருக்குப் பெயர். எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் பொந்துக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். தரை எத்தனை, பெஞ்சு எத்தனை, நாற்காலி எத்தனை என்று காட்சிக்குக் காட்சி எழுதிக் கொள்வார். கொட்டகைக்காரர் அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக் கண்ணை வேறு பக்கம் திருப்பப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது யோசித்தால் அந்த மடக்கு நாற்காலிதான் முழு வியாபாரத்துக்கும் அஸ்திவாரம் என்று தோன்றுகிறது. பங்கு உள்ளவன் எண்ணுவதற்கு ஓர் ஆளை உட்கார வைப்பான். ஆளை உட்கார வைக்க முடியாதவனுக்குப் பங்கும் இல்லை.

பாட்டு விஷயத்தில் இந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் ஓயாமல் ஒலிக்கும் சினிமாப் பாட்டுக்கு, அதை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தொடர்ந்து பங்கு உண்டா? 1977-ல் தீர்ப்பு வந்தது. கூலி கொடுத்துச் செய்வித்த தயாரிப்பாளரே சொந்தக்காரர் என்றது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் ஒரு குறிப்பும் எழுதினார். பாடுகிறவருடைய குரலுக்கு நம் சட்டத்தில் இடமே இல்லையே என்று அவர் வருந்தினார். 1994-ல் சட்டத்தில் நிகழ்த்துவோர் உரிமை சேர்ந்தது. 2012-ல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று சொல்லும் அளவுக்குப் போயிற்று. வாரிசுக்குக் கொடுக்கலாம், உரிமைச் சங்கத்துக்குக் கொடுக்கலாம். முதலாளிக்குக் கொடுக்க முடியாது. வறுமையில் கையெழுத்துப் போடுகிறவனை அவன் கையெழுத்திலிருந்தே காப்பாற்றிய சட்டம் என்று அதைச் சொல்லலாம். ராஜ்ய சபையில் அதற்காக வாதாடியவர்களில் ஜாவேத் அக்தர் என்ற கவிஞரும் ஒருவர்.

கடலுக்கு அப்பால் இதே சண்டை முன்னதாகவே நடந்திருக்கிறது. டெலிவிஷன் வந்ததும், தியேட்டருக்கென்று எடுத்த பழைய படங்களை வீட்டுப் பெட்டியில் மறுபடி மறுபடி காட்டிக் காசு பார்த்தார்கள். நடிகர்களுக்கு ஒன்றும் வரவில்லை. 1960-ல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஏக காலத்தில் வேலை நிறுத்தம் செய்தார்கள். நடிகர் சங்கத்துக்கு அப்போது தலைவர் ரொனால்டு ரீகன். பிற்பாடு ஜனாதிபதியான அவரேதான். படம் மறுபடி ஓடும்போதெல்லாம் நடித்தவருக்கு ஒரு சிறு தொகை என்ற வழக்கம் அப்போது உறுதிப்பட்டது. பெரிய நட்சத்திரத்துக்கு அது கைச்செலவு. நாலு காட்சியில் தலைகாட்டியவருக்கோ வேலையில்லாத மாதத்தில் அதுதான் அரிசி.

ஐம்பது வருஷம் அந்த ஏற்பாடு நடந்தது. பிறகு வீட்டுக்குள் சந்தா வாங்கிப் படம் காட்டும் கம்பெனிகள் வந்தன. 2013-ல் நெட்பிளிக்ஸ் 'ஹவுஸ் ஆப் கார்ட்ஸ்' என்ற தொடரை வெளியிட்டது. இந்தக் கம்பெனிகள் பெருவாரியாகக் கைக்கொண்ட முறை இதுதான்: தயாரிப்புச் செலவு முழுவதையும் கொடுத்துவிடுவார்கள், அதற்கு மேல் லாபமாக ஒரு தொகையும் வைப்பார்கள், உரிமை முழுவதையும் எடுத்துக் கொள்வார்கள். படம் தோற்றால் நஷ்டம் கம்பெனிக்கு. ஜெயித்தால் ஜெயமும் கம்பெனிக்கு. 2021-ல் உலகத்தையே உட்கார வைத்துப் பார்க்கச் செய்த கொரியத் தொடர் 'ஸ்க்விட் கேம்'. அதன் வெற்றிக்காகத் தமக்குத் தனியே ஊக்கத்தொகை எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை என்று அதைப் படைத்த டைரக்டரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

இதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று உண்டு. இங்கே டிக்கெட் பொந்து இல்லை. ஆகவே அதன் பக்கத்தில் நாற்காலியும் இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கம்பெனியின் யந்திரத்துக்குத் துல்லியமாகத் தெரியும். எந்த வினாடியில் எழுந்து போனார்கள் என்பது கூடத் தெரியும். நடித்தவருக்கும் எழுதியவருக்கும் மட்டும் தெரியாது. நாடகத் திரையில் துவாரம் உள்ளேயிருந்து வெளியே பார்க்க இருந்தது. இந்தத் திரையில் துவாரம் இருக்கிறது. அதில் கண் வைத்திருப்பவர் வேறு.

2023 மே 2-ந் தேதி அமெரிக்க எழுத்தாளர்கள் 11,500 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஜூலை 14-ல் நடிகர் சங்கமும் சேர்ந்து கொண்டது. அங்கத்தினர் சுமார் 1,60,000 பேர். 1960-க்குப் பிறகு இரண்டு சங்கங்களும் ஒருமிக்க வெளியேறியது அப்போதுதான். எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் தாக்குப் பிடித்தார்கள். கிடைத்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டது என்ற கணக்கை எழுத்தாளர் சங்கத்துக்கு ரகசியமாகவாவது காட்ட வேண்டும். வெளியான 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரரில் 20 சதவிகிதம் பேர் பார்த்த படைப்பானால், எழுதியவருக்கு வழக்கமான மறுகாட்சித் தொகையில் பாதி கூடுதலாக உண்டு. அந்த டிசம்பரில் நெட்பிளிக்ஸ் 18,000-க்கு மேற்பட்ட படைப்புகளின் ஆறு மாதக் கணக்கைத் தானாகவே வெளியிட்டது. சதவிகிதத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கணக்குதான். மடக்கு நாற்காலி திரும்பி வந்தது.

நம் பக்கம் வருவோம். 2020-ல் கொரோனாவினால் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தபோது, மே 29-ல் 'பொன்மகள் வந்தாள்' நேரே அமேசான் பிரைமில் வெளியாயிற்று. தியேட்டர்காரர்கள் கோபித்துக் கொண்டார்கள். நவம்பரில் 'சூரரைப் போற்று'ம் அதே வழியில் வந்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் மணிரத்னமும் ஜெயேந்திராவும் முன்னின்று 'நவரசா' என்ற ஒன்பது கதைத் தொகுப்பை நெட்பிளிக்ஸுக்குச் செய்து கொடுத்தார்கள். நடித்தவர்களும் இயக்கியவர்களும் ஊதியம் வாங்கவில்லை. வேலையிழந்து வாடிய சினிமாத் தொழிலாளிகளுக்கு அந்தப் பணம் போயிற்று. நல்ல காரியம்; மனமாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் தொழிலாளியின் கஷ்ட காலத்துக்கு நட்சத்திரங்களின் தர்மம் தேவைப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். தான் உழைத்த படம் ஓடும் காலமெல்லாம் துளித்துளியாக வருகிற வரும்படி ஒன்று இருந்தால், தர்மத்துக்கு அத்தனை வேலை இராது.

"மொத்தமாக முன்னாலேயே பணம் கிடைப்பது நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சுந்தராம்பாளின் லட்ச ரூபாய்க்கு 'நந்தனார்' ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? லாபத்தில் பங்கு தருகிறேன் என்று சொல்லிக் கடைசியில் நஷ்டக் கணக்கைக் காட்டிய முதலாளிகளைச் சினிமா உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. எங்கள் அக்காவிடமே கேட்டேன். "ராத்திரி வேஷம் கலைக்குறதுக்குள்ள கையில காசு வந்துரணும் தம்பி. விடிஞ்சா ஒருத்தனும் இருக்க மாட்டான்" என்றார். உறுதியான கூலியை யாரும் இகழக் கூடாது. ஒரு ராத்திரிக் கூலியை ஒரு ராத்திரிக்கு வாங்குவதில் தவறில்லை. ஒரு ராத்திரிக் கூலி கொடுத்து ஆயிரம் ராத்திரிகளை எடுத்துக் கொள்வதில்தான் தவறு இருக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. நிகழ்த்துவோர் என்றால் யார் யார் என்று நம் காப்புரிமைச் சட்டம் ஒரு ஜாபிதா தருகிறது. நடிகர், பாடகர், வாத்தியம் வாசிப்பவர், நர்த்தனம் ஆடுபவர், கழைக்கூத்தாடி, ஜாலவித்தைக்காரர், பாம்பாட்டி, பிரசங்கம் செய்பவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். பாம்பாட்டியையும் மறக்காத சட்டம் வள்ளி வேஷக்காரியை மறந்துவிடுமா? அவர் சம்மதம் இல்லாமல் அவர் ஆட்டத்தைப் பதிவு செய்து பரப்பக் கூடாது. அந்த உரிமை 50 வருஷம் நிற்கும். சினிமாவில் சேர்க்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவருக்குக் கூட, வியாபார உபயோகத்துக்கு ராயல்டி உண்டு என்று 2012 திருத்தம் சொல்கிறது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்து அவர் திண்ணைக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டது. கேட்பதற்கு ஆள் வேண்டும், எண்ணுவதற்கு ஆள் வேண்டும். பாட்டுக்காரர்களுக்குச் சங்கங்கள் அமைந்தன. வடமதுரையிலும் சாணார்பட்டியிலும் வீடியோவில் ஆடிக் கொண்டிருக்கும் ராஜபார்ட்டுக்கும் பபூனுக்கும், மடக்கு நாற்காலி போட்டு உட்கார யார் இருக்கிறார்கள்? தேதி குறிக்கவும் தகராறு தீர்க்கவும் நூறு வருஷம் முன்னால் தெரிந்து கொண்ட நாடக நடிகர் சங்கங்களுக்கு இது முடியாத காரியம் அல்ல. நாடகம் பேசும்போதே ஒரு வரி சேர்த்து எழுதிக் கொள்ளலாம்: வீடியோ எடுத்தால் அதற்குத் தனித் தொகை, ஏற்றி வைத்தால் அதில் பங்கு. நோட்டீஸில் யார் படம் எங்கே என்று மணிக்கணக்காக வாதாடுகிறவர்கள் இதற்கும் வாதாடலாம்.

மாசியில் மறுபடி அக்காவைப் பார்க்கப் போனேன். இவ்வளவையும் என்னால் முடிந்த மட்டும் சுருக்கிச் சொன்னேன். சுந்தராம்பாள் கதையை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "இப்ப எத்தனைடா?" என்றார்.

அவன் பார்த்துச் சொன்னான். நாலாயிரம் கூடியிருந்தது.

"எழுதி வை" என்றார் அக்கா. பேரன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் பழைய கணக்கு நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தேதி போட்டு எழுதினான்.